உப்பு விடும் தோட்டாக்கள்: பழைய ராணுவ ரைபிள் தோட்டாக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆற்காட்டில், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கத்தில், பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பேர் உண்டு. அதனால் இந்தக் கேள்விகள் இரண்டு திசையிலிருந்து வருகின்றன. இங்கே உரிமத்தோடு .315 ரைபிள் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம். அமெரிக்கா, கனடா என்று குடியேறி, அங்கே சட்டப்படி பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான லீ என்ஃபீல்டோ ரஷ்ய ரைபிளான மோசின் நாகன்ட்டோ வாங்கி, மலிவாகக் கிடைக்கும் ராணுவ உபரித் தோட்டாவைச் சுடும் நம் ஊர்ப் பிள்ளைகள் இன்னொரு பக்கம். இரு தரப்பாருக்கும் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

அரிக்கும் தோட்டா என்கிறார்களே, தோட்டா துருப்பிடித்திருக்கிறது என்று பொருளா?

இல்லை. தோட்டா புதுப் பித்தளை போலப் பளபளக்கலாம். அரிப்பு அதன் அடியில் உள்ள பிரைமரிலிருந்து வருகிறது. துப்பாக்கியின் ஊசி தட்டியதும் தீப்பிடித்து, உள்ளே இருக்கும் வெடிமருந்தைக் கொளுத்தும் சின்னக் கிண்ணம்தான் பிரைமர். பழைய ஆட்கள் கேப்பு என்பார்கள். பழைய ராணுவப் பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. குடியாத்தத்துத் தீக்குச்சியின் தலையில் இருப்பதும் இதே பொருள்தான்.

குளோரேட் எரியும்போது ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடாக மாறுகிறது. 100 பங்கு குளோரேட்டுக்கு 61 பங்கு உப்பு மிஞ்சும். சமையல் உப்புக்குத் தம்பி என்று சொல்லலாம். ஒவ்வொரு சூட்டிலும் அந்த உப்பு மெல்லிய தூளாகப் பேரலின் (துப்பாக்கிக் குழலின்) உட்புறம் முழுக்கப் படிகிறது. படிந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது. ஈரமான உப்பு இரும்பைத் தின்கிறது. ஆம்பூர், வாணியம்பாடியில் உப்புப் போட்ட பச்சைத் தோல் அடுக்கும் மண்டியின் தகரக் கதவு எந்த நிலையில் இருக்கும் என்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

உள்ளே இருக்கும் மருந்தும் அரிக்குமா? அது அமிலம்தானே, சோடா உப்புப் போட்டு முறித்துவிடலாமா?

புகையில்லா மருந்து இப்படி உப்பு விடுவதில்லை. பேரலில் படிவது அமிலமும் இல்லை, முறிப்பதற்கு. சோடா உப்புக் கரைசலை ஊற்றினால் அதிலுள்ள தண்ணீர் வேலை செய்யும்; சோடா உப்பு இன்னொரு வெள்ளைப் படிவாக நிற்கும், அவ்வளவுதான். உப்பை யாரும் முறிக்க முடியாது. கரைத்து வெளியே தள்ளத்தான் முடியும்.

வேலூர் வெயிலில் எதுவுமே காய்ந்துவிடும். இங்கேயும் துருப்பிடிக்குமா?

நம் பக்கத்து ரைபிள்கள் கெடுவதற்கு முதல் காரணமே இந்த நம்பிக்கைதான். சித்திரை, வைகாசியில் பகல் காற்று வறண்டிருக்கும். கழுவாத பேரல்கூட வாரக்கணக்கில் பளிச்சென்று தெரியும். உப்பு எங்கும் போகவில்லை, அங்கேயே காத்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 85 விழுக்காட்டைத் தொட்டால் பொட்டாசியம் குளோரைடு தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கரிப்பிசுக்கோடு கலந்த உப்பு அதற்கு முன்பே ஈரம் பிடிக்கும். ஐப்பசி அடைமழையில் நம் வீடுகளுக்குள் அந்த ஈரப்பதம் பல இரவுகள் நிற்கும். சித்திரையில் சுட்ட ரைபிளைக் கார்த்திகையில் எடுத்துப் பார்த்து, 'எண்ணெய் போட்டுத்தானே வைத்தேன்' என்று தலையில் கைவைப்பவர்களின் கதை இதுதான். துரு கார்த்திகையில் தெரிந்தது, விதை சித்திரையிலேயே விழுந்துவிட்டது. கடலோரத்திலும் குளிர்நாட்டு ஈரத்திலும் இவ்வளவு காலம் ஆகாது. ஒரே இரவில் செம்பழுப்புப் பூஞ்சை போலப் பூத்துவிடும்.

ஒரு தோட்டா உப்பு ரகமா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஒரு விதி. உறுதியாகத் தெரியாத எந்த ராணுவத் தோட்டாவையும் உப்பு ரகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தப்பாக நினைத்திருந்தாலும் நட்டம் இரண்டு லிட்டர் தண்ணீரும் கால் மணி நேரமும்தான். எதிர்ப்பக்கம் தப்பினால் பேரலே போகும்.

அடுத்து, தோட்டாவைக் கவிழ்த்து அடிமுத்திரையைப் பாருங்கள். பிரைமரைச் சுற்றிப் பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும் ஆலையையும் ஆண்டையும் சொல்லும்.

சோவியத் தோட்டாக்களில் மேலே ஆலை எண், கீழே ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். 188 என்றால் நோவோசிபிர்ஸ்க், 17 பர்னவுல், 60 ஃபிரன்ஸே (இன்றைய பிஷ்கெக்), 3 உல்யனோவ்ஸ்க், 270 லுகான்ஸ்க். தகர டப்பாவில் அடைத்து வரும் 7.62×54 ஆர் தோட்டா (முதல் எண் குண்டளவு, இரண்டாவது பித்தளைக் கூட்டின் நீளம், இரண்டும் மி.மீ.யில்; ஆர் என்றால் அடியில் விளிம்புள்ளது), அதாவது மோசின் நாகன்ட்டுக்கு உரியது, எந்த ஆலையுடையதாக இருந்தாலும் உப்பு ரகம்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டப்பாவுக்கு 440, ஒரு மரப்பெட்டிக்கு இரண்டு டப்பா. செக், ஹங்கேரி, பல்கேரியா, ருமேனியா சரக்கும் அதே கணக்கு. 5.45×39-இல் 7என்6 என்ற ராணுவ ரகமும், 7.62×39-இல் யூகோஸ்லாவிய எம்67-உம் உப்பு ரகங்கள். ஆனால் அதே பர்னவுல், துலா ஆலைகள் இன்று பொதுச் சந்தைக்கு அட்டைப்பெட்டியில் விற்பது உப்பில்லாதது. ஆலையின் பேர் போதாது. ராணுவ டப்பாவா, கடைப் பெட்டியா என்பதைப் பாருங்கள்.

அமெரிக்க ராணுவத்தின் .30-06 ரைபிள் தோட்டாவை 1950-களின் தொடக்கத்தில் ஒவ்வோர் ஆலையாக உப்பில்லாத பிரைமருக்கு மாற்றினார்கள். அடிமுத்திரையில் 54-க்கு முந்தைய ஆண்டு இருந்தால் உப்பு என்று கொள்வது பாதுகாப்பு. ஒரு விதிவிலக்கு, எம்1 கார்பைன் என்ற சிறு ரைபிளின் அமெரிக்கத் தோட்டா. அந்தத் துப்பாக்கியின் சிறு கேஸ் பிஸ்டனை (வெடிவாயு தள்ளும் தண்டை) களத்தில் கழற்றிக் கழுவ முடியாது என்பதால் போர்க்காலத்திலேயே உப்பில்லாத பிரைமர் போட்டுச் செய்தார்கள். அமெரிக்காவில் செய்த 7.62×51, 5.56×45 இரண்டுமே உப்பில்லாதவை.

லீ என்ஃபீல்டின் .303 தோட்டாவுக்கு வருவோம். கே.எஃப் என்ற முத்திரை புனே பக்கத்துக் கட்கியில் உள்ள ஆலையுடையது; அந்நாளில் கிர்க்கி என்று எழுதுவார்கள். இந்த முத்திரையும் பாகிஸ்தானின் பி.ஓ.எஃப் முத்திரையும் இருந்தால் கழுவுவதற்குத் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டே சுடப் போங்கள். எச்.எக்ஸ்.பி என்ற கிரேக்க .303 உப்பில்லாதது, கனடாவின் டி.ஐ. இசட் முத்திரையும் அப்படியே. இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 7 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வரும் இசட், உள்ளே இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் மருந்து என்று மட்டும் சொல்கிறது. இசட் இல்லாவிட்டால் கார்டைட். தோட்டாவைப் பிரித்தால் சேமியாவைக் கட்டி வைத்தது போல நீள நீளக் குச்சியாக இருக்கும். இரண்டும் மருந்தின் பேர்தான். பிரைமர் உப்பா இல்லையா என்று இசட் சொல்லாது. டி.ஐ. தோட்டா உப்பில்லாதது என்பதை வைத்து இசட் போட்ட எல்லாமே உப்பில்லாதது என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஜெர்மன் 7.92×57-இன் துருக்கிய, யூகோஸ்லாவிய, ருமேனிய ராணுவச் சரக்கும் உப்பு ரகமே. 1930, 40-களின் துருக்கிய தோட்டாக்களில் பித்தளைக் கழுத்து கீறிப்போவதும் உண்டு. நகத்தால் வருடிப் பாருங்கள். முடி போன்ற கோடு தட்டுப்பட்டால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

பெர்டான் பிரைமர் என்றால் உப்பு, பாக்ஸர் என்றால் உப்பில்லை என்கிறார்களே?

தவறு. பெர்டானில் காலித் தோட்டாவுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு சிறு துளை தெரியும்; பாக்ஸரில் நடுவே ஒன்று. அது பிரைமரின் கட்டமைப்பைப் பற்றியது. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க .30-06 பாக்ஸர்தான், ஆனால் உப்பு ரகம். இன்றைய ரஷ்யக் கடைத் தோட்டாக்களில் பல பெர்டான், ஆனால் உப்பில்லாதவை. பிரைமரைச் சுற்றியுள்ள சிவப்பு அரக்கும் ஈரம் புகாமல் இருக்கப் போட்டதே தவிர எதற்கும் அடையாளம் இல்லை.

குண்டின் நுனியில் இருக்கும் நிறம் எதைச் சொல்கிறது?

பிரைமரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் சுடக்கூடாது. சோவியத் 7.62×54 ஆர்-இல் வெள்ளி நிறம் உருக்கு மையமுள்ள இலகு குண்டு. மஞ்சள் கனத்த குண்டு. பச்சை, போகும் வழியில் ஒளி விட்டுப் போவது. கறுப்பும் சிவப்பும் சேர்ந்திருந்தால் கவசம் துளைத்துத் தீ வைப்பது. நுனி முழுக்கச் சிவப்பு என்றால் பட்ட இடத்தில் தீப்பொறி கக்கும் ரகம். பச்சையும் சிவப்பும் காய்ந்த புல்லைக் கொளுத்திவிடும். பல நாடுகளிலும் சுடுதளங்களிலும் தடை. வெள்ளி நுனியைக் காந்தம் இழுக்கும். உருக்கு மையம் எஃகு இலக்கில் பட்டுத் தெறித்துத் திரும்பும் என்பதால் சுடுதளத்தில் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு, சுட்ட காலித் தோட்டாவை வைத்தே. தோட்டாவைப் பிரித்து மருந்தைக் கொட்டிப் பிரைமரை மட்டும் வெடித்துப் பார்க்கும் பழைய முறையை நாங்கள் சொல்வதில்லை. அதில் விரலும் கண்ணும் போக வழி இருக்கிறது.

பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் அரை மில்லி எடுத்துக் காலித் தோட்டாவுக்குள் விட்டுக் குலுக்குங்கள். அந்தக் கறுத்த நீரை வடிதாளில் வடித்து ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் பிடியுங்கள். இன்னொரு குழாயில் வெறும் டிஸ்டில்டு வாட்டர். இரண்டிலும் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் கரைசல் விடுங்கள். உப்பு ரகம் என்றால் சொட்டு விழுந்த இடத்தில் நீர்மோர் கலந்தது போல வெள்ளையாகத் திரளும். வெறும் நீர் தெளிவாகவே நிற்க வேண்டும். வெறும் நீரும் வெளுத்தால் உங்கள் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது, சோதனை செல்லாது. குழாய்த் தண்ணீரைக் கொண்டு இதைச் செய்து எல்லாத் தோட்டாவும் உப்பு என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. கையுறை போடுங்கள், சில்வர் நைட்ரேட் பட்ட தோல் கறுத்துப் பல நாள் போகாது.

சில்வர் நைட்ரேட் கிடைக்காவிட்டால், உப்புக்காகிதம் (மணல்தாள்) தேய்த்து எண்ணெய்ப் பசையைப் போக்கிய இரும்புத் தகட்டில் ஒரு பக்கம் காலித் தோட்டா கழுவிய நீர், மறுபக்கம் வெறும் டிஸ்டில்டு வாட்டர் என்று ஒவ்வொரு சொட்டு வைத்து, மூடிய டப்பாவுக்குள் ஈரத்துணியோடு மூன்று நாள் விடுங்கள். வெறும் நீரும் லேசாகத் துருவேற்றும். உப்புச் சொட்டு அதைவிட ஆழமாக, குழி விழும்படி தின்றிருக்கும். ஒரே டப்பாவிலிருந்து ஐந்து தோட்டாவாவது பாருங்கள்.

சுட்ட பிறகு எப்படிக் கழுவ வேண்டும்?

அன்றைக்கே. முடிந்தால் சுடுதளத்திலேயே ஒரு முறை, வீட்டில் ஒரு முறை. போல்ட் ரைபிளுக்கு, அதாவது பேரலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் திறக்கும் ரைபிளுக்கு, முறை இது.

மேகசினை (தோட்டாக்கள் அடுக்கும் பெட்டியை) கழற்றி, சேம்பரை (பேரலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையை) கண்ணால் பார்த்து, சுண்டுவிரல் விட்டும் பார்த்துக் காலி என்று உறுதி செய்யுங்கள். போல்ட்டை உருவித் தனியே வையுங்கள். ரைபிளை வாய் கீழாக ஒரு வாளிக்குள் சாய்த்து நிறுத்துங்கள். மரக்கட்டைக்கும் பேரலுக்கும் நடுவே தண்ணீர் இறங்கக்கூடாது என்பதால் சேம்பர் பக்கத்துக்கு வளைந்த மூக்குள்ள புனல் வேண்டும். பிரிட்டிஷ் பட்டாளத்தில் லீ என்ஃபீல்டுக்கென்றே அப்படி ஒரு புனல் கொடுத்தார்கள். நமக்குச் சாதாரணப் புனலில் அரையடி சிலிக்கான் குழாய் செருகினால் போதும். மண்ணெண்ணெய்ப் புனல் வேண்டாம்.

கொதித்து இறக்கிய தண்ணீர் இரண்டு லிட்டரை நிதானமாக, நாலைந்து முறையாக ஊற்றுங்கள். முதல் அரை லிட்டர் சாம்பல் நிறத்தில் வரும்; கடைசி அரை லிட்டர் தெளிவாக வர வேண்டும். உப்பைக் கரைக்க இவ்வளவு சூடு தேவையில்லை. 100 மில்லி சாதாரணத் தண்ணீரே 34 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்துவிடும். பேரலில் இருப்பது அதில் கடுகளவு. கொதிநீர் வேறு இரண்டு வேலை செய்கிறது. கரிப்பிசுக்கை இளக்கி அதற்குள் சிக்கிய உப்பை விடுவிக்கிறது. பேரலையே சூடாக்குவதால் மிச்ச ஈரம் தானே ஆவியாகிவிடுகிறது. கை பொள்ளும், துணி சுற்றிப் பிடியுங்கள்.

பிறகு புல்த்ரூ (துணி கோத்துப் பேரலுக்குள் இழுக்கும் கயிறு) அல்லது கம்பி. என்.சி.சி.யிலும் பட்டாளத்திலும் சிந்தி என்று சொல்லும் துணித் துண்டு, துடைக்க 4×2 அங்குலம், எண்ணெய் போட 4×1½ அங்குலம். இந்த அளவு வேறுபாட்டுக்குக் காரணம் இருக்கிறது. பெரிய துணி இறுக்கமாகப் போய் அழுக்கைச் சுரண்டும். சிறியது தளர்வாகப் போய் எண்ணெயைப் பிழிந்துவிடாமல் படலமாக விட்டுவரும். துணி உலர்ந்து வரும்வரை ஓட்டுங்கள். அதற்குப் பிறகுதான் பிரஷும் பேரல் சால்வென்ட்டும். அது கரிக்கும் செம்புப் படிவுக்கும். கடைசியில் எண்ணெய்.

போல்ட்டின் முகம், ஊசி வெளிவரும் துளை, காலித் தோட்டாவை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி, பேரலின் வாய் விளிம்பு, சேம்பரின் கழுத்துப் பகுதி ஆகியவற்றை மறந்துவிடுவார்கள். கொதிநீரில் நனைத்த பல் பிரஷால் தேய்த்து, துடைத்து, எண்ணெய் தொடுங்கள். மறுநாளும் மூன்றாம் நாளும் வெள்ளைத் துணி ஒன்றை ஓட்டிப் பாருங்கள். செம்பழுப்பு வந்தால் உப்பு மிச்சமிருக்கிறது. தண்ணீரிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

இந்தப் பிசுக்கில் ஈயம் இருக்கும். வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். சமையல் பாத்திரத்தில் இந்தத் தண்ணீரைப் பிடிக்காதீர்கள்.

எந்தத் தண்ணீர்? போர்வெல் தண்ணீர் ஆகுமா?

நம் பக்கத்தில் இது முக்கியமான கேள்வி. பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வரையிலான தோல் தொழிற்சாலைப் பகுதியில் பல போர்வெல்களின் தண்ணீர் நாக்கில் வைத்தாலே கரிக்கும். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர் ஊற்றினால், காய்ந்ததும் அதன் உப்பு பேரலிலேயே தங்கும். கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது, இன்னும் செறிவாகும். கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், சுத்தமாகப் பிடித்த மழைநீர் எதுவானாலும் நல்லது. போர் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் முதல் கழுவலுக்கு அதை வைத்துக்கொண்டு, கடைசி ஒரு லிட்டராவது நல்ல தண்ணீராக ஊற்றுங்கள்.

அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் நீர், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், டபிள்யூ.டி.-40?

கண்ணாடி துடைக்கும் நீரில் வேலை செய்வது தண்ணீர். அம்மோனியாவுக்கு உப்பின் மேல் எந்த வேலையும் இல்லை. மண்ணெண்ணெயிலும் எண்ணெயிலும் இந்த உப்பு கரையாது. உப்பின் மேல் எண்ணெய் பூசுவது, ஈரச் சுவரின் மேல் சுண்ணாம்பு அடிப்பது போல. மேலே நன்றாகத் தெரியும், அடியில் ஊறிக்கொண்டே இருக்கும். டபிள்யூ.டி.-40 தண்ணீரை விரட்ட உதவும். மாதக்கணக்கில் காக்கும் படலம் அதில் இல்லை. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிப் போல்ட் ஊசியைப் பிடிக்கும்.

சுடுதளத்தில் கொதிநீர் இல்லாதபோது நல்ல மாற்று, லேத் பட்டறையில் உளி மேல் ஊற்றுகிறார்களே, அந்தப் பால் போன்ற நீர். சொல்யூபிள் கட்டிங் ஆயில் ஒரு பங்கு, தண்ணீர் 20 பங்கு. தண்ணீர் உப்பைக் கரைக்கும், எண்ணெய் மறுபடி துருவேறாமல் சில மணி நேரம் காக்கும். பாலிஸ்டால் எண்ணெயையும் ஒன்றுக்குப் பத்தாக இப்படிக் கலக்கலாம். கரைசலில் நனைத்த துணி ஆறேழு ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து முழுக் கழுவல் செய்யுங்கள்.

என் ரைபிளுக்குக் குரோம் பூசிய பேரல். கழுவ வேண்டுமா?

வேண்டும். பேரலுக்குள் குரோம் தாங்கும். வாய் விளிம்பு, கேஸ் துளை, கேஸ் பிளாக், போல்ட் முகம் ஆகியவற்றில் குரோம் இருக்காது. பூச்சில் ஊசித்துளை அளவு வெடிப்பு இருந்தாலும் உப்பு அதன் வழியே அடியிரும்பைத் தேடிப் போய், பூச்சையே செதிலாகப் பெயர்க்கும்.

எஸ்.கே.எஸ்., காரண்ட் போன்ற, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைபிள்களில்?

பேரலுக்குள் இருக்கும் உப்பு கேஸ் துளை வழியே பிஸ்டனுக்கும் போகிறது. பேரலை மட்டும் கழுவினால் பாதி வேலைதான். கேஸ் குழாயைக் கழற்றிக் கொதிநீரில் அமிழ்த்துங்கள். பிஸ்டனின் தலையைத் தேய்த்துக் கழுவுங்கள். கேஸ் பிளாக்கின் துளைக்குள் சிரிஞ்சால் கொதிநீர் பீய்ச்சுங்கள். காரண்டில் கேஸ் சிலிண்டர், ஆபரேட்டிங் ராடின் முனை இரண்டும். பிஸ்டன் துருவேறினால் ரைபிள் ஒவ்வொன்றாகச் சுடும், தானே ஏறாது. எஸ்.கே.எஸ்.ஸில் ஊசி தானாக முன்னும் பின்னும் ஆட வேண்டும். போல்ட்டைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். துருவிலோ பிசுக்கிலோ ஊசி முன்னால் மாட்டிக்கொண்டால், தொடர்ந்து தானே வெடித்துக்கொண்டே போகும் ஆபத்து உண்டு.

கழுவாமல் பத்து நாள் விட்டுவிட்டேன்.

இப்போதாவது கொதிநீர் ஊற்றுங்கள். பிறகு எண்ணெய் தோய்த்த வெண்கல பிரஷால் நிதானமாக 20 முறை ஓட்டித் துணியால் துடையுங்கள். மேலோட்டத் துரு வந்துவிடும். வெளிச்சத்தில் பார்த்தால் சாம்பல் நிறத் தழும்பு மட்டும் தெரிந்தால் ரைபிள் பிழைத்தது. அம்மைத் தழும்பு போலக் குழி தெரிந்தால் அது திரும்பாது. குறி தவறிவிடும் என்பதில்லை, பல பழைய பேரல்கள் குழியோடும் நன்றாகச் சுடுகின்றன. ஆனால் குழி உப்பைப் பிடித்து வைக்கும் கிண்ணம். இனி அதைக் கழுவ இரண்டு மடங்கு பொறுமை வேண்டும். சேம்பரில் குழி விழுந்தால் காலித் தோட்டா ஒட்டிக்கொண்டு வெளியே வராது. துப்பாக்கி ரிப்பேர் உரிமம் உள்ளவரிடம் காட்டுங்கள். எமரித்தாள் போடாதீர்கள்.

பழைய தோட்டாவைச் சுடும்போது வேறு என்ன தப்பு நடக்கும்?

ட்ரிகர் இழுத்ததும் 'டிக்' என்று மட்டும் கேட்டால் போல்ட்டைத் திறக்காதீர்கள். பழைய பிரைமர் தாமதமாகப் பற்றலாம், பாகிஸ்தானிய.303-இல் இது பேர்போன குறை. பேரலை இலக்கை நோக்கியே பிடித்து 60 எண்ணுங்கள். பிறகு முகத்தை ஒதுக்கிக்கொண்டு திறந்து, தோட்டாவைத் தனியே வையுங்கள். திறந்த போல்ட்டோடு தோட்டா வெடித்தால் பித்தளைத் துண்டு கண்ணுக்குத்தான் வரும்.

வெடிச்சத்தம் வழக்கத்தைவிடச் சப்பென்று கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள் நின்றிருக்கலாம். போல்ட்டை எடுத்துவிட்டு வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் பேரல் பிளக்கும். காது, கண் பாதுகாப்பு இல்லாமல் பழைய தோட்டாவைத் தொடவே வேண்டாம்.

பச்சைக் களிம்பு ஏறியது, குண்டு உள்ளே அமுங்கியது, அசைத்தால் ஆடுவது, கழுத்துக் கீறியது ஆகிய எதையும் சுடாதீர்கள். லேசான களிம்பை உலர்ந்த துணியால் துடைக்கலாம். அடியில் குழி இருந்தால் ஒதுக்குங்கள். எண்ணெய் விட்டுத் துடைக்காதீர்கள். அது பிரைமருக்குள் இறங்கும். எண்ணெய்ப் பசையுள்ள தோட்டா சேம்பர் சுவரைப் பிடிக்காமல் முழு உதையையும் போல்ட் மேல் போடும்.

.303, .315, 7.62 எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவுதானே?

எண் கிட்டத்தில் இருப்பது ஏமாற்று. 7.62 என்ற ஒரே எண்ணில் 39, 51, 54 ஆர் என்று மூன்று வெவ்வேறு தோட்டா உண்டு. ஒன்று மற்றதன் சேம்பருக்கு ஆகாது. இஷாபூரில் 1960-களில் செய்த 2ஏ, 2ஏ1 ரைபிள் பார்க்க .303 லீ என்ஃபீல்டு போலவே இருக்கும், ஆனால் 7.62×51-க்கு உரியது. அதன் மேகசின் அடிப்பக்கம் சதுரமாக நிற்கும். .315 என்பது 8 மி.மீ. குண்டு; .303 பேரலில் அதற்கு வேலையே இல்லை. பேரலிலோ உடலிலோ பொறித்த எண்ணும் தோட்டாப் பெட்டியின் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுங்கள்.

உங்கள் .315-க்குப் பெட்டியில் உப்பில்லாதது என்று அச்சிட்ட தோட்டா கிடைக்காத வரை, மேலே சொன்ன கொதிநீர் முறையையே செய்யுங்கள். உரிமம் உள்ள எம்.எல். துப்பாக்கியில் (பேரலின் வாய் வழியே மருந்து திணிப்பது) கருமருந்து போடுபவர்களுக்கும் அதேதான். கருமருந்துக் கசடும் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது.

வேலூரில் ராணுவ உபரித் தோட்டா வாங்க முடியுமா? தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் சில கிடைத்திருக்கின்றன.

வாங்க முடியாது. .303, 7.62 ராணுவத் தோட்டாவைச் சுடக்கூடிய ரைபிள்கள் சாதாரண உரிமத்தில் வராது. உரிமமில்லாமல் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். பெரியவர் நினைவாக ஷோகேஸில் வைத்திருக்கிறோம் என்பது பதிலாகாது.

பெட்டியில் கிடைத்தால் தட்டாதீர்கள், சுத்தம் செய்யாதீர்கள், குழந்தைகளை விலக்குங்கள். கிடைத்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பக்கத்துக் காவல் நிலையத்தில் எழுத்தில் சொல்லி ஒப்புகை வாங்குங்கள். உரிமத்தோடு இருந்த துப்பாக்கி என்றால் உரிமதாரர் இறந்ததும் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பேரில் உரிமத்துக்குத் தனியே விண்ணப்பிக்கலாம். பழைய இரும்புக் கடைக்குப் பித்தளை என்று போடவே கூடாது. உருக்கும் உலையில் அது வெடிக்கும்.

தேர்தலுக்கு ஒப்படைக்கச் சொல்கிறார்கள். மூன்று மாதம் கழித்துத் துருவோடு வருகிறதே?

ஒப்படைக்கும் முன் கொதிநீர், உலர்ந்த துணி, பிறகு வழக்கத்தைவிடச் சற்றுத் தடிப்பாக எண்ணெய். மூன்று நாள் விட்டு ஒரு துணி ஓட்டிச் சரிபார்த்து, மறுபடி எண்ணெய் பூசிக் கொண்டுபோய்க் கொடுங்கள். தோல் உறைக்குள் போட்டுக் கொடுக்காதீர்கள். தோல் ஈரம் பிடிக்கும், பதனிட்ட உப்பும் மருந்தும் அதிலேயே இருக்கும். திரும்ப வாங்கியதும் எண்ணெயைத் துடைத்தெடுக்காமல் சுடக்கூடாது. பேரலில் எண்ணெய் தேங்கியிருந்தால் முதல் சூட்டில் அழுத்தம் ஏறும்.

தோட்டாவை எங்கே வைப்பது?

வீட்டில் குளிர்ச்சியான அறையில், பூட்டிய இரும்புப் பெட்டியில், ரைபிளுக்கு வேறு பூட்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை அடியிலும் அக்கினி நட்சத்திரத்தில் வெயிலில் நிற்கும் காரிலும் வைத்தால் மருந்து சீக்கிரம் முதிர்ந்து கெடும். கெட்ட மருந்து புளிப்பு நெடி அடிக்கும். குண்டுக்கும் பித்தளைக்கும் நடுவே பச்சை கசியும். அந்தப் பெட்டி முழுவதையும் ஒதுக்கி உரிமக் கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படையுங்கள். தகர டப்பாவைத் திறந்தால் சிலிக்கா ஜெல் போட்டு ஆண்டு, ஆலை எண் எழுதிய அட்டையையும் அதோடு வையுங்கள். அட்டை தொலைந்த தோட்டா அடையாளம் தொலைந்த தோட்டா.

வெளிநாட்டில் இருக்கிறேன். சுட்ட காலிப் பித்தளையை மறுபடி நிரப்பலாமா?

உப்பு பித்தளைக்கு இரும்பளவு தீங்கு செய்யாது; அன்றே வெந்நீரில் கழுவினால் போதும். கவலை பாதரசம். பழைய பிரைமர்கள் சிலவற்றில் பாதரச ஃபல்மினேட் இருந்தது. சுட்டதும் பாதரசம் பித்தளைக்குள் ஊறி அதை நொறுங்கும்படி செய்துவிடும். கழுவினாலும் வராது, கண்ணுக்கும் தெரியாது. இரண்டாம் சூட்டில் தோட்டாவின் அடி கழன்று வாயு பின்பக்கம் பீறிடும். பழைய .303 கார்டைட் தோட்டாக்களின் காலியை நிரப்பாதீர்கள். பிரைமரின் வகை உறுதியாகத் தெரிந்த, பாதரசமில்லாத பாக்ஸர் காலிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை நசுக்கிப் பித்தளை விலைக்குப் போட்டுவிடுங்கள்.